விலையும் மறுப்பும்: ஓர் அறவியல் நோக்கு

வாணிகமின்றி எந்த நாகரிகமும் வளர்ந்ததில்லை. தான் ஆக்கியதைக் கொடுத்துப் பிறர் ஆக்கியதைப் பெறுவது மனித வாழ்வின் இயல்பான ஒழுங்குகளுள் ஒன்று. ஆயினும் எந்தச் சமுதாயத்திலும் எல்லாப் பொருள்களும் சந்தைக்கு வந்ததில்லை. நெல்லை விற்பவன் விதைநெல்லை விற்கத் தயங்குகிறான். நகையை அடகு வைப்பவள் தாலியை வைக்க மனம் கூசுகிறாள். எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்னும் எல்லை காலத்துக்குக் காலமும் இடத்துக்கு இடமும் வேறுபடும். ஆனால், எல்லை என்று ஒன்று எங்கும் உண்டு. அவ்வெல்லையை வரைபவர் யார்? பொருளை உடையவரா, அதனை விரும்புபவரா, அல்லது இவ்விருவருக்கும் அப்பாற்பட்ட வேறு ஏதேனும் நிர்ப்பந்தமா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழவில்லை. சென்ற விடுமுறையில் எமது வகுப்பு மாணவர் பதினால்வர் தென்மேற்குக் கரைக்குச் சென்றபோது, உல்லாசப் பயணிகளுக்கென அமைந்த கைப்பணி விற்பனைக் கிராமம் ஒன்றில் எழுந்தது.

பெந்தோட்டைக்கும் அம்பலாங்கொடைக்கும் இடைப்பட்ட காலி வீதியில் செல்பவர் இத்தகைய விற்பனைக் கிராமங்களை இரு மருங்கிலும் காணலாம். இப்பகுதி உல்லாசப் பயணத்துக்குத் திறந்துவிடப்பட்டது தற்செயலாக அன்று. 1966ஆம் ஆண்டு இலங்கை உல்லாசப் பயணச் சபைச் சட்டம் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து பெந்தோட்டை திட்டமிட்ட உல்லாசத் தலமாகத் தெரிவு செய்யப்பட்டது. கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா அங்கு ஹோட்டல்களை மட்டுமன்றிப் புகையிரத நிலையத்தையும் கடைத்தொகுதியையும் சேர்த்தே வடிவமைத்தார். அதாவது, கடலைக் காண வருபவன் கடைக்கும் வருவான் என்பது தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. 1966இல் இந்நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் ஏறத்தாழ 19,000 பேர். 2018இல் அத்தொகை 23 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களது காலடிகளைத் தொடர்ந்தே வீதியோரக் கடைகளும் பெருகின.

நாம் சென்ற கிராமம் ஒரு முற்றத்தைச் சுற்றி அமைந்த பத்துப் பன்னிரண்டு கடைகளைக் கொண்டது. ஓலைக்கூரை வேய்ந்த முகப்புகள், பத்திக் துணிகள், மர யானைகள், வாசனைத் திரவியப் பொதிகள், மீட்டியாகொடைச் சந்திரகாந்தக் கற்கள், இவற்றுக்கெல்லாம் மேலாக வரிசை வரிசையாக முகமூடிகள். ஒவ்வொரு முகமூடியின் கீழும் ஆங்கிலத்தில் ஒரு சிறு அட்டை இருந்தது. மயில் முகமூடி வீட்டுக்கு அமைதியையும் செழிப்பையும் தருமாம்; நாக முகமூடி காவல் செய்யுமாம். கடைக்காரர்கள் எம்மிடம் முதலில் ஆங்கிலத்தில் பேசினர். எமக்குள் நாம் பேசிய மொழியைக் கேட்டபின், 'இந்தியாவிலிருந்தா?' என வினவினர். சொந்த நாட்டில் அந்நியனாகக் கருதப்படும் அனுபவத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இங்கு அது என் நோக்கமன்று. சிங்கள மொழி நன்கறிந்த நண்பனொருவன் எம்முடன் இருந்தமையால் அப்பிழை விரைவில் திருத்தப்பட்டது. விலைகளும் அவ்வாறே திருத்தப்பட்டன.

போலி என்னும் குற்றச்சாட்டு

இத்தகைய இடங்களைக் கண்டு திரும்பும் கற்றவர் முதலில் சொல்வது, 'எல்லாம் போலி' என்பதே. பேருந்தில் நாமும் அதனையே சொன்னோம். தொவில் என்னும் நோய்தீர்க்கும் சடங்கில் இரவு முழுவதும் ஆடுவதற்கென உருவான முகம், வரவேற்பறைச் சுவரில் தொங்கும் அலங்காரமாகிவிட்டது. ஆகவே அது பொய்த்துவிட்டது என்பது வாதம். வால்டர் பெஞ்சமின் என்னும் ஜேர்மானியச் சிந்தனையாளர் 1936இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில், கலைப்பொருளின் வழிபாட்டுப் பெறுமதி காட்சிப் பெறுமதிக்கு இடங்கொடுத்து விலகுவதை விளக்கினார். அம்பலாங்கொடை முகமூடி இதற்குப் பொருத்தமான சான்றாகத் தோன்றலாம்.

ஆயின், இக்குற்றச்சாட்டு சற்று ஆராய்ந்தவுடன் தளர்ந்துவிடுகிறது. கோலம் எனப்படும் முகமூடி நாடகத்தின் தோற்றம் பற்றி ஓர் ஐதிகம் உண்டு. மகாசம்மத மன்னனின் தேவி கருவுற்றிருந்தபோது முகமூடி ஆட்டத்தைக் காண மசக்கை கொண்டாள்; அவ்வாசையை நிறைவேற்றத் தெய்வத் தச்சனாகிய விசுவகர்மா முகமூடிகளைச் செய்தான் என்பது அக்கதை. அதாவது, இம்மரபு தன்னைப் பற்றித் தானே சொல்லும் கதையிலேயே, முகமூடி காண்பவளின் ஆசைக்காகச் செய்யப்பட்டது. பிறர் கண்ணுக்காகச் செய்வது என்பதால் மட்டும் ஒன்று போலியாகிவிடாது.

பத்திக் துணியை எடுத்துக்கொள்வோம். இன்று இந்நாட்டுக் கடற்கரையின் அடையாளம்போல் அது காற்றில் அசைகிறது. அதன் வேர் யாவாவில் உள்ளது. அது இங்கு புத்துயிர் பெற்றுப் புகழடைந்தது 1960களில், ஈனா டி சில்வா போன்ற கலைஞர்களின் கைவண்ணத்தால். பெந்தோட்டை ஹோட்டலின் புகழ்பெற்ற பத்திக் விதானமும் அவருடைய ஆக்கமே. வெளியிலிருந்து வந்து சேர்ந்த கலையைத் தமதாக்கி, அதனால் பல குடும்பங்கள் வாழுமாயின், அவர்களது உழைப்பைப் போலி என்பதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு? மரபு மாறாதிருக்க வேண்டும் என்னும் கோரிக்கை பெரும்பாலும் மரபில் வாழாதவரிடமிருந்தே எழுகிறது. 'உண்மையானதா?' என்பது வாங்குபவனின் கவலை. செய்பவனின் கவலை வேறு.

பேரம் என்னும் வழக்கம்

இரண்டாவது குற்றச்சாட்டு விலை பற்றியது. ஒரே மர யானைக்கு வெள்ளையருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை. சொன்ன விலையில் பாதியைக் கேட்பவனே கெட்டிக்காரன். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுகையில், கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்தவர் என்கிறது. அந்த அளவுகோலால் அளந்தால் இக்கடைகள் தேறமாட்டா எனலாம்.

ஆனால், விலை ஏறும் வழியை அறிந்தபின் தீர்ப்புக் கூறுவதே நேர்மை. பயணிகளை வாகனத்தில் அழைத்துவரும் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் விற்பனையில் ஒரு பங்கு தரகாகப் போகிறது. தரகு தராத கடையின் முன் வாகனம் நிற்பதில்லை. கடை வாடகை அடுத்த பங்கு. எஞ்சியதிலேயே மரம் வாங்கியவனும், செதுக்கியவனும், வர்ணம் தீட்டியவளும் பிழைக்க வேண்டும். கதுரு என்னும் இலேசான மரத்தை வெட்டிப் புகையிலிட்டு உலர்த்தி, செதுக்கி, தேய்த்து, வர்ணமிட்டு ஒரு முகமூடி முடிய நாட்கள் பல செல்லும். நாம் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாவும் தரகனின் பங்கிலிருந்து குறைவதில்லை. அது சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவனின் கூலியிலிருந்தே குறைகிறது. மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' நூலின் முதற் பாகத்தில் கூறியதன் சாரமும் இதுவே: சந்தையில் பொருளும் பொருளும் சந்திப்பதாக நமக்குத் தோன்றுகிறது, அங்கு உண்மையில் சந்திப்பது மனிதரும் மனிதரும் கொண்ட உறவு.

எனினும் பேரம் பேசுதலே பெருங்குற்றம் என நான் கருதவில்லை. நமது சந்தைகளில் மீன்காரியும் வாங்க வந்தவரும் பேசும் பேரத்தில் ஒருவகைச் சமத்துவம் உண்டு. இருவரும் சிரித்துக்கொண்டே விலகிப் போகலாம். நாளை மீண்டும் சந்திப்பர். விலகிப் போகும் அந்த உரிமை இருவருக்கும் இருப்பதே அப்பேரத்தை அறமுடையதாக்குகிறது. இவ்வுண்மை எனக்கு அன்று பிற்பகல் வேறொரு வகையில் விளங்கியது.

சுவரில் இருந்த முகமூடி

கிராமத்தின் பிற்புறத்தில் முகமூடி செதுக்கும் முதியவர் ஒருவரின் பட்டறை இருந்தது. சாக்கு விரிப்பில் அமர்ந்து, கால்களுக்கிடையே மரத்தைப் பற்றி அவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்கு மேலே சுவரில் ஒரு முகமூடி தனியே தொங்கியது. கடையிலிருந்தவைபோல் அது பளபளக்கவில்லை. புகைபடிந்து கறுத்து, வர்ணம் உதிர்ந்து, ஓரத்தில் வெடித்திருந்தது. தொவிலில் தோன்றும் பதினெட்டுச் சன்னிகளுள் செவிட்டுத்தன்மையைக் குறிக்கும் பிஹிரி சன்னியின் முகம் அது எனப் பின்னர் அறிந்தேன். எங்கள் எல்லோர் கண்ணும் அதிலேயே பதிந்தன. காரணம் தெளிவு: அங்கிருந்தவற்றுள் அது ஒன்றே 'உண்மையானதாக'த் தெரிந்தது.

என்ன விலை எனக் கேட்டேன். 'இது விற்பதற்கில்லை, புத்தே' என்றார் அவர். நண்பன் மொழிபெயர்த்தான். எம்முள் ஒருவன் ஐயாயிரம் என்றான். முதியவர் தலையசைத்தார். பத்தாயிரம் என்றான் மற்றொருவன். நால்வர் சேர்ந்து தரலாம் என்று எமக்குள் தமிழில் பேசிக்கொண்டோம். 'பழுத்த வியாபாரி, ஏற்றிவிடப் பார்க்கிறார்' என்று ஒருவன் சொல்ல நாம் சிரித்தோம். முதியவர் உளியை நிலத்தில் வைத்தார். 'இது என் அப்பா போட்டு ஆடியது. உங்களுக்கு முகமூடி வேண்டுமானால் கடையில் நிறைய இருக்கின்றன. எல்லாம் நான் செய்தவைதான்' என்றார். அவர் குரலில் கோபமில்லை. மீண்டும் உளியை எடுத்து வேலையைத் தொடர்ந்தார்.

அப்போது எனக்கு வெட்கமாயிருந்தது. விலை கேட்டதற்காக அன்று, அறியாதவன் கேட்கலாம். அவர் 'இல்லை' என்றதை நாம் ஒரு விலையாகக் கேட்டோம் என்பதே என் வெட்கத்துக்குக் காரணம். மறுப்பு என்பது ஏற்றத்தின் முதற்படி. போதிய தொகை கூறப்பட்டால் எவரும் இணங்குவர் என்னும் நம்பிக்கை எமக்குள் எங்கோ குடியிருந்தது. எம்மை வெளிநாட்டவராக எண்ணிய கடைக்காரரை நாம் நகைத்தோம். சில நிமிடங்களில் நாமே அத்தகைய பயணிகளாகிவிட்டிருந்தோம்.

இம்மானுவல் கான்ற் 1785இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு வேறுபாட்டை வகுத்தார். விலை உடையதற்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம். எல்லா விலைக்கும் அப்பாற்பட்டு, ஈடு எதனையும் ஏலாததற்கு மாண்பு உண்டு. கான்ற் மாண்பைப் பொருள்களுக்கு உரியதாகக் கூறவில்லை. தானே தனக்கு அறவிதியை வகுக்கவல்ல மனிதனுக்கே உரியதாகக் கூறினார். இந்நிலையில் அம்முகமூடி எத்தகையது? அதுவும் கதுரு மரந்தான். கடையிலிருந்தவற்றுக்கும் அதற்கும் மரத்தில் வேறுபாடில்லை. மாண்பு முகமூடியில் இருக்கவில்லை. 'இது விற்பதற்கில்லை' என்று சொன்ன மனிதரில் இருந்தது. நூறு முகமூடிகளை விற்றதனால் அம்மாண்பு குறையவில்லை. ஒன்றை விற்க மறுத்ததில் அது புலப்பட்டது. விற்பதும் மறுப்பதும் ஒரே கையில் இருந்தமையாலேயே அந்த நூறு விற்பனைகளும் அவருடைய சொந்த விற்பனைகளாயின.

அம்மம்மாவின் கொட்டைப்பெட்டி

இவ்விடத்தில் நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை கைவினைஞரின் பெருமையைப் பாடுவதோடு முடிந்திருக்கும். ஆனால், திரும்பும் வழியில் எனக்கு வேறொரு நினைவு வந்தது. அது இந்த எளிய முடிவைக் குலைத்தது.

எமது ஊர் நிலாவெளிக்கு அண்மையில் உள்ளது. அங்கும் கடற்கரையோர ஹோட்டல்கள் உண்டு. புறாத்தீவுக்குப் படகில் போகும் பயணிகள் உண்டு. என் அம்மம்மா பனையோலை இழைப்பவர். நீற்றுப்பெட்டியும் சுளகும் ஊருக்காக இழைப்பார்; சாயமிட்ட சிறு பெட்டிகளைப் பயணிகளுக்காக இழைத்துக் கரையோரக் கடைக்குக் கொடுப்பார். அவரது இடுப்பில் ஒரு கொட்டைப்பெட்டி எப்போதும் இருக்கும். சார்வோலையை நுண்ணிதாகக் கிழித்து, ஒன்றனுள் ஒன்று அடங்கும் மடிப்புகளோடு அவரது தாயார் இழைத்தது அது. வெற்றிலையும் பாக்கும் சில்லறையும் அதற்குள் இருக்கும். பலகாலக் கைபட்டு ஓலை தேன்நிறமாகியிருந்தது. சிறுவயதில் அதனுள் கைவிட்டு ஐந்து ரூபாக் குற்றி எடுத்து அடிவாங்கியிருக்கிறேன்.

2022ஆம் ஆண்டு, பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த மாதங்களில், வழிகாட்டி ஒருவருடன் வந்த வெளிநாட்டுப் பெண் அக்கொட்டைப்பெட்டியைக் கண்டு ஆசைப்பட்டார். அம்மம்மா கையசைத்து இல்லை என்றார். அப்பெண் இன்னொரு தாளை நீட்டினார். அம்மம்மா மீண்டும் இல்லை என்றார். மூன்றாவது தாளும் வந்தது. அம்மம்மா வெற்றிலையையும் சில்லறையையும் சீலைத் தலைப்பில் கொட்டிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டார். அன்றிரவு இதனை அறிந்து, ஏன் கொடுத்தீர்கள் என்று நான் சினந்து கேட்டபோது அவர் சொன்னது இது: 'வீட்டில அரிசி இருந்திருந்தால் இல்லையெண்டே நிண்டிருப்பன், தம்பி.'

அன்று எனக்கு அப்பெண் மீதே கோபம் எழுந்தது. இன்று நினைக்கையில் அவரைக் குற்றவாளியாக்க முடியவில்லை. அவர் அன்பாகவே கேட்டார், நிறையவே கொடுத்தார். அவர் செய்ததும் அம்பலாங்கொடைப் பக்கத்தில் நாம் செய்ததும் ஒன்றே. நாமும் 'இல்லை' என்பதன்மேல் தாள்களை அடுக்கினோம். வேறுபாடு எங்களிலும் இல்லை. அம்முதியவரிலும் என் அம்மம்மாவிலும் இல்லை. என் அம்மம்மா அவரைவிட மனவலிமை குன்றியவர் அல்லர். அவருக்குச் சொந்தக் காணி இருந்தது, மகனுக்கு அரசாங்க உத்தியோகம் இருந்தது, கடையில் முகமூடிகள் விலைபோயின. அம்மம்மாவின் வீட்டில் அன்று அரிசி இருக்கவில்லை. மறுப்பு என்பது குணத்தின் சிறப்பு மட்டுமன்று; அதற்கு ஒரு பொருளாதார அடித்தளம் வேண்டும். தொழிலாளி இரட்டைப் பொருளில் சுதந்திரமானவன் என்று மார்க்ஸ் கசப்போடு குறிப்பிட்டார்: விற்கவும் அவன் சுதந்திரமானவன், விற்பதற்கு உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதபடியும் அவன் 'விடுவிக்கப்பட்டவன்'. அன்று அம்மம்மா விற்றதும் அத்தகைய சுதந்திரத்தாலேயே.

நிலமும் மறுப்பும்

இந்த அடித்தளம் பற்றிச் சிந்தித்த ஒருவர் நமக்கு அந்நியரல்லர். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தமிழராகிய முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். 1908இல் அவர் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், கண்டி அரசின் கைவினைஞரை ஆழ்ந்து ஆராய்ந்தது. அவர் எடுத்துக்காட்டிய ஓர் அம்சம் நமது பொருளோடு நேராகத் தொடர்புடையது. கண்டிக் கைவினைஞன் தன் தொழிலுக்கு ஈடாகக் காணி பெற்றிருந்தான். அவனுடைய உணவு ஒவ்வொரு பொருளும் விலைபோவதில் தங்கியிருக்கவில்லை. ஆகவே அவசரமின்றிச் செய்தான். சந்தையின் விருப்பத்துக்காகத் தன் கையை வளைக்க வேண்டியிருக்கவில்லை. 1830களில் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டு, பழைய ஆதரவும் மறைந்தபின், அவன் முன்பின் அறியாத வாங்குபவனை நம்பி நிற்கலானான்.

ஆயின், இந்த இடத்தில் குமாரசுவாமியை முழுமையாகப் பின்பற்ற என்னால் இயலவில்லை. அக்கைவினைஞனுக்குச் சந்தைக்கு எதிராக மறுப்பு இருந்தது, உண்மையே. அரசனுக்கு எதிராக இருந்ததா? காணி சேவைக்குக் கட்டுப்பட்டது. சேவை பிறப்புக்குக் கட்டுப்பட்டது. நமது வடபுலத்துக் குடிமை முறையை எண்ணிப் பார்ப்போர்க்கு இது எளிதில் விளங்கும். விழாவுக்கும் சாவுக்கும் தொழில் செய்தே ஆகவேண்டியிருந்த மனிதன் 'இன்று வரமாட்டேன்' என்று சொல்லும் உரிமையற்றவனாக இருந்தான். அந்த உலகில் அவனுடைய பொருளுக்கு விலை இல்லாதிருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு மறுப்பும் இல்லை. அத்தகையோரின் வழித்தோன்றல்களுக்குப் பணம் கொடுத்து வாங்கும் சந்தை ஓரளவு விடுதலையாகவே வந்தது. ஆதலால், பழையதைப் பொற்காலமாக்கி இன்றைய விற்பனைக் கிராமத்தைப் பழிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. காணி தரும் உறுதியும் வேண்டும், சந்தை தரும் விடுதலையும் வேண்டும். இரண்டும் சேர்ந்த இடத்திலேயே 'ஆம்' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் ஒருங்கே பொருள் உண்டு.

தனிமனிதருக்குப் பொருந்துவது ஊர்களுக்கும் பொருந்தும். ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் ஒருகாலத்தில் உடைத்து விற்கப்பட்டன, சுண்ணாம்புக்காகவும் எரிக்கப்பட்டன. 1979இல் அக்கடற்பரப்பு சரணாலயமாகவும், 2002இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஒரு சமுதாயம் சட்டத்தின் வாயிலாக 'இது விற்பதற்கில்லை' என்று கூறியதற்கு அது சான்று. ஆனால் அவ்வாறு கூறும்போது, அதுவரை சுண்ணாம்புச் சூளையை நம்பி வாழ்ந்தவனுக்கு வேறு பிழைப்பு என்ன என்னும் வினாவும் உடன் எழுகிறது. அவ்வினாவுக்கு விடை தராத தடை, பசித்தவனிடம் மட்டும் கேட்கப்படும் தியாகமாகிவிடும்.

ஓர் எதிர்வாதம்

'மறுக்கும் ஆற்றலைப் போற்றுவது வயிறு நிறைந்தவரின் தத்துவம். ஏழைக்கு வேண்டியது நல்ல விலையே, மாண்பு பற்றிய விரிவுரையன்று' என்று வாதிடலாம். இதில் பெரும் உண்மை உண்டு. அம்மம்மா பெற்ற தாள்களால் எங்கள் வீட்டில் இரண்டு கிழமை உலை கொதித்தது; நானும் உண்டேன். அதனை உண்டுகொண்டே அவர் விற்றது தவறு என்று கூற எனக்கு வாயில்லை.

எனது விடை இதுவே. மறுக்க வேண்டும் என்னும் கடமையை நான் விற்பவர்மேல் சுமத்தவில்லை. எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் தகுதி அவருக்கே உண்டு. அம்முதியவர் நாளை மனம்மாறித் தந்தையின் முகமூடியை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாலும் அவர் மாண்பு குன்றாது. கடமை மற்றையோருடையது: மறுப்பு இயலக்கூடியதாய் இருக்கும் நிலையை உருவாக்குவது. 1982இல் நிறைவேறிய சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவையை நிறுவியது. அரச விற்பனை நிலையங்களும் உள்ளன. இவற்றின் வெற்றியை விற்பனைத் தொகையால் மட்டும் அளக்கிறோம். கைவினைஞரின் வீட்டில் ஒரு மாதம் பயணிகள் வராவிடினும் அடுப்பெரியுமா, மழைக்காலத்தில் தரகனிடம் முற்பணம் வாங்காமல் இருக்க முடியுமா, நோயுற்றால் தம் உடைமைகளுள் எதனை முதலில் இழப்பார் என்னும் கேள்விகளால் அளப்பதில்லை. 2004 ஆழிப்பேரலையும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், 2020இன் கொள்ளைநோயும், 2022இன் நெருக்கடியும் பயணிகளின் வருகை எவ்வளவு எளிதில் நின்றுவிடும் என்பதைக் காட்டின. அவ்வாறு நின்றுபோகும் வேளைகளிலேயே கொட்டைப்பெட்டிகள் விலைபோகின்றன.

முடிவுரை

சுருங்கக் கூறின், உல்லாசப் பயணிகளின் விற்பனைக் கிராமம் விற்கிறது என்பதனால் இழிந்ததன்று. அங்குள்ளவை புதியன என்பதனால் பொய்யானவையும் அல்ல. அதன் அறத்தை அளக்கும் கேள்வி ஒன்றே: அங்கு வாழ்பவர் 'இது விற்பதற்கில்லை' என்று சொல்ல முடியுமா, சொன்னால் அச்சொல் அச்சொல்லாகவே கேட்கப்படுமா? முதற் பாதிக்குச் சமுதாயமும் அரசும் விடைகூற வேண்டும். இரண்டாம் பாதி, வாங்கச் செல்லும் ஒவ்வொருவருக்கும் உரியது. அதற்குப் பெரிய தத்துவமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. கேள்விகளின் வரிசையை மாற்றினால் போதும். அந்தப் பட்டறையில் என் வாயில் முதலில் வந்தது 'என்ன விலை?' என்பது. அதற்கு முன் 'இது விற்பதற்கா?' என்று கேட்டிருக்க வேண்டும். 'இல்லை' என்ற விடை கிடைத்ததும் பணப்பையைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும்.

அம்மம்மா பின்னர் இன்னொரு கொட்டைப்பெட்டி இழைத்துக்கொண்டார். முன்னையதுபோல் நுண்மையாக வரவில்லை, கண் தெரியவில்லை என்கிறார். அதன் ஓலை இன்னும் வெளிறியே இருக்கிறது. சென்ற முறை ஊருக்குப் போனபோது, அதை எடுத்துப் பார்க்கலாமா என்று அவரைக் கேட்டுவிட்டே கைநீட்டினேன்.